ஏரிக் கூடை, கடல் கூடை

எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று வருஷம் நான் மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். மீன் எத்தனை என்று அல்ல. ஒரு மீனுக்குச் செவுளில் எத்தனை முள், பக்கவாட்டில் எத்தனை செதில் என்று. பழவேற்காடு ஏரியில் இருக்கும் மடவை மீனும் வெளியே கடலில் இருக்கும் மடவையும் ஒரே கூட்டமா, தனித்தனி வம்சமா என்பதுதான் என் ஆராய்ச்சி. தனி வம்சம் என்றால் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியலாம். மீனின் புரதத்தைப் பிரித்துப் பார்த்தே உறவு சொல்லும் கருவிகள் வெளிநாட்டில் வந்துவிட்டதாகப் பேராசிரியர் பெருமூச்சு விடுவார். எங்களிடம் இருந்தது ஒரு லென்ஸும் ஓர் ஊசியும்தான்.

வீடு திருவள்ளூர். அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். "பெருமாளே மச்சாவதாரம் எடுத்திருக்கார், நீ எண்ணினா தோஷமில்லே" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் மீன் தொட்ட நாளில் கொல்லைக் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே வரக்கூடாது. மார்கழியிலும் அதே சட்டம். அவதாரம் எடுத்தவருக்குச் சளி பிடித்ததாகத் தகவல் இல்லை, எனக்குப் பிடித்தது.

மீன் கொடுத்தது பழவேற்காட்டுக் குப்பத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் ஏரியிலும் கடலிலும் வலை போடுகிறவர். வாரம் ஒரு நாள் நான் போகும்போது ஏரி மீனுக்கு ஒரு கூடை, கடல் மீனுக்கு ஒரு கூடை தயாராக இருக்கும். என்மேல் கை படாமல் கூடையைத் தரையில் வைத்துத் தள்ளுவாள்.

"தீட்டாப்பூடும் டீச்சரம்மா. அப்பால உன் நைனா உன்னைக் கிணத்துலயே தள்ளிடுவாரு." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

இரண்டு வருஷம் எண்ணியதில் இரு கூடைக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். பங்குனிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் கல்லூரியில் காலியாகும் வேலை எனக்குத்தான் என்றார். அந்த வேலைக்காக நான் மணலைக்கூட எண்ணியிருப்பேன்.

தை மாதம் ஒரு நாள் பொன்னேரியில் முதல் பஸ் கிடைத்துச் சீக்கிரமே போய்விட்டேன். கரையில் ஒரே ஒரு மீன் குவியல். அதிலிருந்து இரண்டு கூடையிலும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல ஏரி மீன் எது?" என்றேன்.

"எல்லாம் கடல் மீனுதான். இன்னிக்கி ஏரி, பக்கத்துக் குப்பத்துப் பாடு. நாங்க வலை போடக் கூடாது."

ஏரியில் குப்பம் குப்பமாக முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் கை வைப்பது அவர்களுக்குப் பெரிய தப்பு. என் கூடையைக் காலியாக அனுப்புவது அதைவிடப் பெரிய தப்பாக அவளுக்குப் பட்டிருக்கிறது.

"அவ்ளோ தூரம் வந்துக்கினு வெறுங்கையோட போவியா? ஏரி கடல்ல சேர்ற மொகத்துவாரம் தொறந்தா இது அங்க போவுது, அது இங்க வருது. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா இல்லையான்னு பார்க்கத்தானேடி வந்தேன்!" என்று கத்தினேன். எந்த வாரம் எந்த மீனைப் போட்டாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை யோசித்தேன். பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மறுநாள் திறந்துவிட்டேன். பேராசிரியர் நல்லவர், திட்டவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

மறுபடி ஒரு வருஷம் எண்ணினேன். பாடு இல்லாத நாளில் ஏரிக் கூடை காலியாக வந்தது. அதை என் முன்னால் வைக்கும்போது அவள் முகம் செத்துப்போகும். நான் நோட்டில் 'இல்லை' என்று எழுதிக்கொள்வேன்.

முடிவில் எவ்வளவு எண்ணியும் வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் கடைசியாக அவளிடம் போனேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"அப்போ நான் போட்ட மீனையே எழுதிக் குடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்குமா? வேலையும் கெடச்சிருக்குமா?"

"ஆமாம்" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஈர முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

அன்று திருவள்ளூர் வந்து கிணற்றடியில் சிறிது நேரம் நின்றேன். பிறகு வாளியைத் தொடாமல் நேரே உள்ளே போனேன்.