சன்னலில் தொங்கிய தொந்தி

குண்டண்ணனுக்கு அந்த வேலை கிடைத்ததே அவருடைய தொந்தியால்தான். பதினெட்டு வருஷம் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்தியவர். புது லிஃப்ட் வந்தது. இனி அவரவரே அழுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில், தொண்ணூற்றெட்டுக் கிலோவோடு, உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடையில் குடோன் வேலை கேட்டுப் போனார். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். சும்மா நிற்பானேன் என்று சன்னலோரம் இருந்த டிரெட்மில்லில் ஏறி நடந்து பார்த்தார். எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் உள்ளே வந்து விலை கேட்டார்கள். ஒருவர் வாங்கியே விட்டார்.

முதலாளி சின்ன வயசுக்காரர், லேசாகத் தொப்பை விழுந்தவர், வியாபாரத்தில் கெட்டி. "அண்ணே, குடோன் வேணாம். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நடங்க. ஆனா ஒண்ணு, இளைச்சிடாதீங்க" என்றார்.

காரணம் இருந்தது. ஜனங்கள் ஜிம்முக்குப் போவதைக் குறைத்து, வீட்டிலேயே மெஷின் வாங்கிப் போட ஆரம்பித்திருந்தார்கள். அதை மோப்பம் பிடித்து பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பெரிய கடை முளைத்துவிட்டது. அங்கே மெஷினுக்கு மெஷின் திரை; திரைக்குள் ஒரு பயிற்சியாளர் நின்று "விடாதே, விடாதே" என்று கத்துவார். கட்டிலுக்கு அடியில் மடித்துத் தள்ளுகிற மெஷினும் உண்டு, வாரத்துக்கொரு தள்ளுபடியும் உண்டு. அவர்கள் சன்னலில் ஓடிய வாலிபனுக்குத் தெருவே வைத்த பெயர் பாறை. பாறையைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். குண்டண்ணனைப் பார்த்தவர்களோ, 'இந்த மனுஷனே நடக்கிறார், நமக்கென்ன கேடு' என்று உள்ளே வந்தார்கள். சின்னக் கடை பெரிய கடைக்குத் தண்ணி காட்டியது.

ஆனால் தினம் நாலு மணி நேரம் நடந்தால் உடம்பு சும்மா இருக்குமா? குண்டண்ணன் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார், மத்தியானம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். எதற்கும் மசியாமல் மாதம் மூன்று கிலோ கழன்றுகொண்டே போனது. குறட்டை நின்றது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. வேறு யாராவது என்றால் கொண்டாடியிருப்பார்கள். இவர் தினமும் பயந்து பயந்து எடை பார்த்தார். முதலாளியும் ஒரு நாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்படியே போனா வேற ஆள் பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் இனி எந்தக் கதவைத் தட்டுவது?

அவர் மனைவி துணி தைப்பவர். பழைய தலையணையைப் பிரித்து, நாடா வைத்து, பஞ்சுத் தொந்தி ஒன்று தைத்துக் கட்டிவிட்டார்.

"என்னங்க, திரும்புங்க. இடது பக்கம் சரிஞ்சிருக்கு."

"பழசும் அப்படித்தான் இருந்துச்சு."

"ஆமா, நான் பாக்காததா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் கட்டிக்கொண்ட தொந்தி வேறு வம்பை இழுத்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, வயிறு மட்டும் அப்படியே நின்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார்கள்? பஸ் ஸ்டாப்பில் உச்சுக்கொட்டினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

பெரிய கடையில் பாதி விலை என்று அறிவித்த அன்று தெருவெல்லாம் கூட்டம். எப்படியாவது நாலு பேரை இழுத்துவிட வேண்டும் என்று குண்டண்ணன் வேகத்தைக் கூட்டினார். நாடா அவிழ்ந்தது. தொந்தி சட்டைக்குள்ளிருந்து நழுவி, ஓடுகிற பெல்ட்டில் விழுந்து, பின்பக்கமாகப் பறந்து டம்பெல் அடுக்கில் போய் மோதியது. பஸ் ஸ்டாப்பே வாயைப் பிளந்தது. இடுப்பில் நிற்காத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தினார். அவமானத்தில் காது சுட்டது. வேலை போயிற்று என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

முதலில் உள்ளே வந்தது, தினமும் அங்கே பஸ் பிடிக்கும் நர்ஸம்மா.

"உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சு ரெண்டு வாரமா கவலைப்பட்டுட்டிருக்கேன்! இந்த மெஷின்லயா இவ்வளவு இளைச்சீங்க?"

"இதுலதாம்மா. எனக்கு வேற எதுவும் தெரியாது. தினமும் நடந்தேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் நானே பாத்தேனே. இதே மெஷின் எனக்கு ஒண்ணு எழுதுங்க."

அவருக்குப் பின்னால் வாசல் வரை ஆட்கள் நின்றார்கள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "அண்ணே, இனி நீங்க நடக்க வேணாம்."

குண்டண்ணன் தன் சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினார்.

"வர்றவங்ககிட்ட பேசுங்க, விக்கிறது உங்க பொறுப்பு. நடக்கறதுக்கு..." என்று தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார், "நான் இருக்கேன்."

மறுநாள் பஞ்சுத் தொந்தி சன்னலில் தொங்கியது. கீழே ஒரு அட்டை: 'எங்கள் அண்ணன் கழற்றிப் போட்டது.'

ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் பாறை வந்து நின்றான். தங்கள் கடைக்கும் அதே மாதிரி நாலு தொந்தி வேண்டுமாம். மனைவி உள்ளே வந்து, "தைக்கலாமா, வேணாமா? போட்டிக் கடையாச்சே" என்று கேட்டார்.

குண்டண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி சிரித்தார்.

"தாராளமா தைச்சுக் குடு. அதுக்குள்ள இருந்த ஆளுக்கு எங்க போவாங்க?"