முப்பத்தோராம் இலக்கம்

மாம்புரிக் கடற்கரையில், படகுகளை மேட்டுக்கு இழுக்கும் டோசருக்குப் பக்கத்திலேயே தென்னங்கிடுகால் வேய்ந்த ஓர் அறை இருக்கிறது. கில்பட் அங்கேதான் இருக்கிறார். வயது ஐம்பத்துநான்கு. கலியாணம் செய்யவில்லை. சங்கத்து ஆட்கள், "கில்பட்டருக்குப் பொம்புள எதுக்கு, அவர்தான் டோசரக் கட்டிட்டாரே" என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவரும் சிரிக்காமல், "அது சமைக்காதே" என்பார். இது பழைய கதை. இப்போது அந்தப் பகிடியை யாரும் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில், இராணுவம் கழித்துவிட்ட வாகனங்களை ஏலத்தில் விட்டபோது எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் அந்த டோசரை எடுத்தது. மண் அணை கட்டவும், சேற்றில் புதைந்த வண்டிகளை இழுக்கவும் பொறியியல் படையினர் வைத்திருந்தது. சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி, முன்னால் மண் தள்ளும் தகடு, பின்னால் கம்பிக் கயிறு சுற்றிய வின்ச். கூடவே ஒரு தாள் வந்தது. அதில் எஞ்சின் இலக்கமும், "ஓடும் நிலையில் இல்லை" என்ற வரியும் இருந்தன. புத்தகம் எதுவும் வரவில்லை.

கில்பட் சிலாபத்தில் ஒரு லொறி கராஜில் இருபது வருடம் வேலை செய்தவர். சங்கம் அவரைக் கூட்டிவந்தது. டோசரை ஓடவைக்க அவருக்குப் பதினொரு மாதம் எடுத்தது. கழற்றியதையெல்லாம் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கில் பரப்பி, கொப்பியில் படம் கீறி வைத்துக்கொண்டார். நாற்பதுக்கு மேற்பட்ட மூடிகள். எதற்குள் எந்த எண்ணெய் என்று சொல்ல ஆளில்லை. மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு மணந்து பார்த்து முடிவெடுத்தார். அவரிடம் இருந்த சாவிகள் அதன் நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. அரத்தால் அராவிப் பொருந்த வைத்தார். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், திறக்கத் தேவையில்லாத மூடி, இடுக்கு எல்லாவற்றையும் ரெசினும் பைபரும் வைத்து அடைத்தார். படகில் ஓட்டை விழுந்தால் நாங்கள் செய்வதும் அதுதான். இங்கே யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

2013 சித்திரையில், சோழகக் காற்று தொடங்குவதற்கு முன் பெரிய படகுகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். கில்பட்டின் தங்கை மாக்கிறட்டின் புருசன் அன்ரனிப்பிள்ளையின் படகு பாதிச் சரிவில் நின்றது. மூன்றரைத் தொன். அடியில் கிறீஸ் பூசிய தென்னங்குற்றிகள். அந்த நேரம் பாதர் படகுகளை ஆசீர்வதிக்க வந்துவிட்டார். குற்றி மாற்றுவதற்காகப் படகின் பின்னால் நின்றிருந்த அன்ரனிப்பிள்ளைதான் கத்திச் சொன்னார்:

"நிப்பாட்டு மச்சான், பாதர் வாசிக்கிறார்."

கில்பட் வின்ச்சின் பிரேக்கைப் போட்டு எஞ்சினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மன்றாட்டுமாலை நீண்டது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோதே படகு பின்னால் போனது. பெரிதாகச் சத்தமில்லை. அன்ரனிப்பிள்ளையின் வலது கால் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

பொலிஸ் "விபத்து" என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஊர் இரண்டு விதமாகக் கதைத்தது. பிரேக் போட்டதைக் கண்டோம் என்றார்கள் சிலர். தொப்பியைக் கழற்றிய அவசரத்தில் மறந்துவிட்டார் என்றார்கள் சிலர். கில்பட் யாரோடும் வாதாடவில்லை. கேட்டவர்களிடம் "பிரேக் போட்டன்" என்று மட்டும் சொன்னார். பிறகு யாரும் கேட்கவுமில்லை.

அதுவரை தினமும் மாக்கிறட் வீட்டிலிருந்து மத்தியானச் சோறு வரும். அது நின்றது. பாணும் பிளேன்டீயுமாக அவருடைய மத்தியானங்கள் போயின. பூசைக்கு வந்தால் கடைசி வாங்குப்பலகைக்கும் பின்னால் நின்றுகொள்வார், மற்றவர்கள் வெளியே வருமுன் போய்விடுவார். ஆவணியில் தலவிலக் கோயில் திருநாளுக்கு அன்ரனிப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது வான் வண்டியில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. கில்பட்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் கேட்கவில்லை.

அந்த மாதங்களில்தான் அவர் ஒரு சோதனை செய்து பார்த்தார். பழைய படகொன்றில் ஈரமணலை நிரப்பிச் சரிவில் வின்ச்சால் தூக்கிவைத்தார். பிரேக்கைப் போட்டு எஞ்சினை நிறுத்தி, மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பதினான்காவது நிமிடம் படகு கீழே போனது. மூன்று நாள் மூன்று தடவை செய்தார். ஏறக்குறைய அதே நேரம்தான். பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம். எஞ்சின் நின்றால் அது மெல்ல மெல்ல இறங்கிப் பிடி விட்டுப்போகிறது.

அப்படியென்றால் மறக்கவில்லை. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. மெசினைச் செய்தவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் ஏதாவது வழி வைத்திருப்பான். அந்த வழியை அவர் தவறவிட்டாரா, அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லையா? புத்தகம் கிடைத்தால்தான் தெரியும்.

ஆனமடுவயில் ஓய்வுபெற்ற இராணுவ மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போனார். அந்தச் சிங்களவர் நல்ல மனிதர், தேத்தண்ணீர் கொடுத்தார். புத்தகம் ஆசனத்துக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் இருந்தது என்றும், மாரி காலத்தில் விறகு ஈரமானபோது அதைக் கிழித்துத்தான் அடுப்பு மூட்டினோம் என்றும் சொல்லி வெட்கப்பட்டார். தலைமையகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு மரியாதையான பதிலொன்று வந்தது. அந்த வகை வாகனம் இப்போது பாவனையில் இல்லை என்றிருந்தது. கடைசியாகக் கற்பிட்டியில் போன், இன்டர்நெட் எல்லாம் உள்ள கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் நஸீமிடம் போனார்.

நஸீமுக்கு நாற்பது வயது, ஆங்கிலம் நன்றாகத் தெரியும், வாய் ஓயாது. "கில்பட் அண்ணன், இஞ்ச வந்து பாருங்க. ஒங்கட டோசர வெள்ளக்காரன் ஒருத்தன் வீட்டுத் தோட்டத்துல வச்சு வளக்கிறான்."

"என்னத்துக்கு?"

"சும்மா. ஆசைக்கு. ஞாயிற்றுக்கிழமைல குளிப்பாட்டி, ஒரு சுத்து ஓட்டிட்டு நிப்பாட்டுறான்."

கில்பட் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "உப்புக் காத்து இல்லாத ஊர்" என்றார்.

இப்படி ஆசைக்கு வளர்ப்பவர்கள் இணையத்தில் ஒன்றுகூடிக் கதைக்கும் இடமொன்று இருந்தது. நஸீம் எழுதிக் கேட்டார். ஒன்பதாம் நாள் ஒரு கோப்பு வந்தது. உதிரிப்பாகப் பட்டியல். எதை எப்படிச் செய்வது என்று ஒரு வரியும் அதில் கிடையாது. வெடித்துச் சிதறியதுபோல உறுப்புகள் தனித்தனியாக மிதக்கும் படங்களும் இலக்கங்களும்தான். வின்ச் பக்கங்களை மட்டும் அச்செடுத்து, கில்பட் கடை வாங்கில் உட்கார்ந்து, தன் மெசினில் இருப்பவற்றுக்குப் பென்சிலால் சரி போட்டுக்கொண்டே போனார். வேறொரு வேலையாக நானும் அங்கே நின்றேன். நாற்பத்தாறு உறுப்புகள். நாற்பத்தைந்துக்குச் சரி விழுந்தது.

"இந்த முப்பத்தொண்டு என்ன எண்டு போட்டிருக்கு?"

நஸீம் குனிந்து பார்த்தார். "கைப்பூட்டு எண்டிருக்கு. பல்லுச் சக்கரத்தப் புடிச்சி நிப்பாட்டுற சாமான் போல."

வின்ச் உருளையின் விளிம்பில் ஏன் பற்கள் இருக்கின்றன என்று கில்பட்டுக்கு அதுவரை விளங்கியதில்லை. இப்போது விளங்கியது. "இது என்ட மெசின்ல இல்ல" என்றார். "நாலு வருசமாக் கழட்டிப் பூட்டுறன். இல்ல."

"அப்ப ஆமிக்காரன் கழட்டி எடுத்திருப்பான்."

"எடுத்திருப்பான்" என்றார் கில்பட். அவர் முகம் இளகியது. அவர் சிரித்துப் பற்களை நான் கண்டது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவர் நடு வாங்கில் இருந்தார். முடிந்ததும் கோயில் வளவில் மாக்கிறட்டை மறித்து, "பூட்டு ஒண்டு இருந்திருக்கு பிள்ளை. மெசின் வரக்குள்ளேயே அது இல்ல" என்றார். மாக்கிறட் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் மத்தியானம் ஒரு பீங்கானில் சோறும் சூடைமீன் குழம்பும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இல்லாத பூட்டைக் கடைசல் பட்டறையில் செய்து போடவேண்டும், அதற்கு அது எங்கே பொருந்துகிறது என்று தெரியவேண்டும் என்று கில்பட் நினைத்தார். சாரதிக் கைநூல் கிடைக்குமா என்று நஸீமை மறுபடி கேட்க வைத்தார். இரண்டு மாதம் கழித்து அது வந்தது.

அதில் புகைப்படமே இருந்தது. வின்ச்சின் இடப்பக்கம், இரண்டு திருகாணி போட்ட ஒரு சின்னக் கதவு. அதற்குள்ளே பூட்டு. நஸீம் கீழே இருந்ததை இரண்டு தடவை வாசித்தார்: எஞ்சினை நிறுத்துமுன் கைப்பூட்டை இறக்கவேண்டும். பிரேக் மட்டும் பாரத்தைத் தாங்காது.

கில்பட் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் எழும்பிய விதத்தைப் பார்த்து நஸீமுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "அண்ணன், நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். வல்லாஹி" என்றார்.

கில்பட் வின்ச்சின் இடப்பக்கத்தை உளியால் தட்டியதும் ரெசின் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அவர் முதல் மாதம், எஞ்சின் ஓடுவதற்கு முன்பே, உப்புப் போகக்கூடாதென்று அடைத்த இடம். வலப்பக்கத்தால்தான் வின்ச்சைக் கழற்ற முடியும் என்பதால் இந்தப் பக்கம் பிறகு கைபடவேயில்லை. கதவு திறந்தது. உள்ளே சிவப்பு வர்ணம் பூசிய கைப்பிடி, தொழிற்சாலையில் வைத்த கிறீஸோடு, ஒரு புள்ளி துருவும் இல்லாமல் இருந்தது. நன்றாக அடைத்திருந்தார். கைப்பிடியை இழுத்ததும் இரும்பு நாக்கு ஒன்று கீழே விழுந்து பற்களுக்கிடையில் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் சோறு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. மூடியபடியே எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அது எங்கள் வேலிக்கு அடுத்த வளவு. அன்ரனிப்பிள்ளை பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே கொண்டு வந்தீங்க, உறைப்புக் கூடிப்போச்சா?" என்றாள் மாக்கிறட்.

"இல்ல பிள்ளை. மச்சானோட கதைக்க வந்தன்."

இரண்டு வருடத்தில் முதல் தடவை அவர் அந்த வளவுக்குள் நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"மச்சான், அந்தப் பூட்டு இருக்கு. இல்லையெண்டு சொன்னன். நேத்துக் கண்டன். நான்தான் ரெசின் போட்டு அடைச்சிருக்கன்."

அன்ரனிப்பிள்ளை வலை ஊசியைக் கோத்தபடியே இருந்தார்.

"தெரிஞ்சா அடைச்சீங்க?" என்றாள் மாக்கிறட்.

"தெரியாது. உப்புப் போகக்கூடாதெண்டு."

"பிறகு ஏன் வந்து சொல்றீங்க? மெசின்ட பிழையெண்டு இவர் இப்பத்தான் ஒருமாதிரி நித்திர கொள்றார். சொல்லிட்டா உங்களுக்குப் பாரம் எறங்கும். இவருக்கு என்ன எறங்கும்?"

கில்பட்டுக்குப் பீங்கானை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்ரனிப்பிள்ளை கேட்டார்: "அண்டைக்கு அதைப் போட்டிருந்தா?"

"நிண்டிருக்கும்."

"கால் இருந்திருக்கும்."

"ஓம் மச்சான்."

"போ" என்றார் அன்ரனிப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. வலையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

அன்றோடு சோறு மறுபடி நின்றது. பூசையில் கில்பட் பழையபடி பின்னால் போய் நின்றார். ஊருக்கும் விசயம் தெரிந்தது, அவரே சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். வேறு ஆளைப் போடுவோமா என்று கதை வந்தது. அந்த மெசினைத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அந்தக் கதை அப்படியே போய்விட்டது.

அடுத்த சித்திரையில் படகு ஏற்றும் நாளன்று, விபத்துக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே வராத அன்ரனிப்பிள்ளை முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். டோசருக்கு ஏழெட்டு அடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் இருந்தார். முதல் படகு பாதிச் சரிவில் நின்றது. குற்றி மாற்ற ஆட்கள் பின்னால் போக வேண்டும்.

"பூட்டுப் போட்டாச்சா?" என்று அன்ரனிப்பிள்ளை அங்கிருந்தே கேட்டார்.

"போட்டன் மச்சான்."

எஞ்சின் இரைச்சலில் நாக்கு விழும் சத்தம் கேட்காது. அன்ரனிப்பிள்ளை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினார். ஈரமணலில் ஊன்றுகோல் புதைய, மெல்ல வந்தார். ஒருவர் பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டார். கில்பட் விலகி இடம் விட்டார். அன்ரனிப்பிள்ளை குனிந்து சின்னக் கதவுக்குள் கையை விட்டு, நாக்கு பற்களைப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவர்களிடம், "சரி, போங்க" என்றார்.

அன்று பத்தொன்பது படகுகள். பத்தொன்பது தடவையும் அவர் எழும்பி வந்தார், தடவிப் பார்த்தார், போய் இருந்தார். நடுவில் இருவரும் வேறொன்றும் கதைக்கவில்லை. கடைசிப் படகு ஏறியதும் முச்சக்கரவண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கில்பட் கைகளில் இருந்த கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, கிண்ணத்தில் அரிசி களையத் தொடங்கினார். ஒரு ஆளுக்கு அளவான அரிசி.