எர்காஷின் முற்றத்துக்கு சிமெண்ட் வேண்டாம்

சர்க்கரை வியாதியில் எர்காஷுக்குக் கண் போனது. முற்றத்து வேலை போகவில்லை. மார்கிலானில் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுபோல, குளிருக்கு முன் திராட்சைக் கொடியைக் கீழே கிடத்தி மண்ணும் நாணல் பாயும் போட்டு மூடுவான். வசந்தத்தில் நவ்ரூஸ் பண்டிகை முடிந்ததும் தோண்டியெடுத்துப் பந்தலில் ஏற்றுவான். வாசலில் செங்கல், ஆப்ரிகாட் மரத்தடியில் பொதபொத மண், வேலியோரம் சரளை என்று கால் சொல்லும். வாய்க்கால் சத்தம் வலது காதில் விழுந்தால் திராட்சை மேடு நேர் முன்னால்.

போன மாதம் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அண்ணன் ஹோஷிம் முற்றம் முழுக்க சிமெண்ட் போட ஆள் பேசிவிட்டார்.

"சிமெண்ட் போட்டா எல்லா இடமும் ஒண்ணுபோல ஆயிரும்ண்ணே. எங்க நிக்கிறேன்னு என் காலுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். பேசாம கட்டில்ல உக்காந்து டீ குடி."

கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. யார் கையையும் பிடிக்காமல் பொழுது சாய்வதற்குள் எல்லாக் கொடியையும் ஏற்றிவிட்டால் மண் மண்ணாகவே இருக்கும். ஒருதரம் கை பிடித்தாலும் மறுநாள் லாரி வரும். பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னைச் சாட்சிக்கு உட்காரவைத்தார்கள்.

பாதிக் கொடி ஏறிவிட்டது. மேலே மூடியிருந்த நாணல் பாயை இழுத்துப்போய் ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்பினான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது. வாய்க்காலின் மேல்பக்கத்து வீட்டு அன்சிரத் அதில் மண்மூட்டையைப் போட்டுத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் முறைத்தண்ணீரைத் திருடாதவர் எங்கள் தெருவில் கிடையாது.

எர்காஷ் நடுமுற்றத்தில் நின்றான். ஒரு அடி வைத்தான், திரும்பினான், மறுபடி திரும்பினான். மேகம் மூடியிருந்ததால் கன்னத்தில் வெயிலும் இல்லை. ஹோஷிம் பூனைபோல அவன் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"போதும், வாடா தம்பி."

எர்காஷ் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தொண்டையைத் திறந்தான்.

"அன்சிரத் அக்கா! தண்ணித் திருடி! எங்க முறையிலயா கைய வைக்கிற?"

சுவரில் வாய்க்கால் நுழைகிற ஓட்டைப் பக்கமிருந்து பதில் வந்தது. "யாருடா திருடி? போன வாரம் என் தக்காளி நாத்த மேஞ்சது உன் ஆடுதானே?"

எர்காஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியும். குரலை வலது காதில் வாங்கிக்கொண்டு நேரே நடந்தான். திராட்சை மேடு காலில் தட்டியது.

"உன் நாத்தப் பாத்தா என் ஆடு தலைதெறிக்க ஓடும்!"

அவள் அவனுடைய மாமன் மச்சானையெல்லாம் இழுத்தாள். அவள் ஓய்ந்தபோதெல்லாம், அடுப்பில் விறகு தள்ளுவதுபோல இவன் ஒரு வார்த்தையைத் தள்ளினான். கொடி கொடியாக மண்ணிலிருந்து வந்து பந்தலேறியது.

"ஏண்டா, திட்டத் திட்ட சிரிக்கிற?"

"நிறுத்தாதக்கா! தண்ணி இல்லாம எனக்குத் திக்குத் தெரியல. இன்னும் ஒரு கொடிதான், திட்டு!"

"அடப்பாவி! இரு, தண்ணிய விடுறேன்."

"அது மெதுவா வரட்டும். நீ திட்டு."

"இதுவும் கை பிடிச்ச கணக்குதான்," என்று முனகினார் ஹோஷிம்.

"அக்கா குடுத்தது வாயத்தான்ண்ணே, கைய இல்ல!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அவன் யார் கையையும் பிடிக்கவில்லை என்றேன். பிடிக்கவில்லைதானே.

கடைசிக் கொடி ஏறும்போது வெளிச்சம் மிச்சமிருந்தது. சுவருக்கு அப்பால் அன்சிரத் இன்னும் ஓயவில்லை. ஹோஷிம் போனை எடுத்தார்.

"லாரி வேணாம்ப்பா... ஆமா, மண்ணாவே கிடக்கட்டும்... என்னது? சண்டையா? இல்லப்பா, இங்க திராட்சை ஏத்துறாங்க."