சோபாவில் வைத்த ரிமோட்

வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுத்து, எல்லாக் கருவிகளையும் ஒரே ரிமோட்டில் சேர்த்துத் தருவது புனேயில் என் வேலை. ஹிஞ்சேவாடி அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து மறுபடியும் புகார் வந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கோயம்புத்தூர்க்காரர்கள். கணவன் மனைவி இரண்டே பேர். அவருக்கு ஐடி கம்பெனியில் வேலை.

"ரிமோட் நல்லாத்தானுங்க இருக்குது. இவளுக்குத்தான் பிடிபட மாட்டேங்குது" என்று சொல்லி, அவரே பட்டனை அழுத்திக் காட்டினார். டிவி, ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் ஒழுங்காக வந்தன.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, "நானு போன்லயே சீரியல் பாத்துக்கறேனுங்க. எதுக்கு இத்தன சிரமம்?" என்றார்.

"நீங்க ஒரு தடவ போடுங்க மேடம், நான் பாக்கறேன்."

"மொதல்ல அந்த மேல் பட்டன..." என்று கணவர் ஆரம்பித்தார். நல்லவேளை, ஆபீஸ் கால் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மனைவி பட்டனை அழுத்தினார். டிவி எரிந்ததுமே ரிமோட்டை சோபாவில் வைத்துவிட்டார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அந்த ஒரு பட்டன் மூன்று கருவிகளுக்கும் அடுத்தடுத்து சிக்னல் அனுப்பும். அனுப்பி முடியும்வரை ரிமோட்டை நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். முதல் நாளே அவர் கணவரிடம் சொல்லியிருந்தேன். இவரிடம் யாரும் சொல்லவில்லை.

"தினமும் இப்படித்தானுங்க. சத்தமில்லீன்னு மறுபடி அமுக்குனா டிவி அணைஞ்சு போகுது, சத்தம் மட்டும் வருது. அவரு வந்தா, என்ன பண்ணி வெச்சேன்னு கேக்கறாரு."

கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சுவிட்சைப் போட்டுவிட்டு யார் கையை அங்கேயே வைத்திருப்பார்கள்? ரிமோட்டின் ரேடியோ சிக்னலை வாங்கி மூன்று கருவிகளுக்கும் அனுப்பும் சின்ன ரிசீவர் ஒன்றை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தேன். இனி ரிமோட் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாலும் சிக்னல் போகும். எத்தனை முறை அழுத்தினாலும் டிவி அணையாதபடி, அணைக்கத் தனிப் பட்டன் கொடுத்தேன். போடுகிற பட்டனுக்கு ரிமோட்டின் சின்னத் திரையில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டேன்.

"சீரியல்னே போடுங்க."

அழுத்தினார், சோபாவில் போட்டார். சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்து சற்று நேரம் கேட்டார். "இத்தன நல்லா கேக்குமுங்களா இது?" என்றார்.

கணவர் வெளியே வந்து, "பாத்தியா, ஈஸின்னு நான் சொன்னேன்ல?" என்றார். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சில வாரம் கழித்து அந்தம்மாவே போன் செய்தார். "சமைக்கறப்போ பாட்டு மட்டும் வேணுங்க. படம் வேண்டாம். அதுக்கு ஒரு பட்டன் ஆகுமுங்களா?"

சனிக்கிழமை டிராஃபிக்கில் ஊர்ந்து போய்ப் போட்டுக் கொடுத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே அழுத்திப் பார்த்தார். பாட்டு வந்தது. ரிமோட்டைக் கடுகு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு எனக்கு டீ போட்டார்.