மெழுகுக்களியில் ஓர் அப்பா

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நாட்டுக்கு அது பெரிய சங்கதி. பேப்பரில் படமெல்லாம் வந்தது. எனக்குப் பெரிய சங்கதி வேறு. போகிற போக்கில் அவர்களில் ஒரு சீமாட்டி எனக்கு ஒரு தகரப்பெட்டியை விட்டுவிட்டுப் போனார்.

அப்பா துறைமுகத்தில் கப்பல் திருத்துகிற டொக்யார்ட்டில், சாமான் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர். கயிறு, விளக்கு, வர்ணம், ஆணி என்று கப்பல்களுக்கு வேண்டிய எதுவும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். அவருடைய துரையின் மனைவி வீட்டைக் காலி செய்தபோது, தன் பிள்ளைகள் விளையாடி மிச்சம் விட்டதை உன் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று தந்தாராம். மூடியைத் திறந்தால் எட்டு நிறங்களில் விரல் நீளத் துண்டுகள். எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்தது போல ஒரு வாசம். மூடியில் இருந்த பெயரை அப்பா ‘பிளாஸ்டிசின்’ என்று வாசித்துக் காட்டினார். என் வாய்க்கு அது வசப்படவில்லை. நான் அதை மெழுகுக்களி ஆக்கிக்கொண்டேன்.

களிமண்ணைப் போல அது காய்ந்து வெடிக்கவில்லை. இன்றைக்கு மாடாக இருந்ததை நாளைக்கு மனிதனாக்கலாம். ஆனால் குளிர் தேசத்துப் பிள்ளைகளுக்காகச் செய்த சாமான் என்பதால் எங்கள் ஊர் வெய்யிலை அதற்குத் தெரியாது. மத்தியானமானால் நான் செய்த மனிதர்கள் எல்லாரும் முழங்கால் மடங்கி, தலை கவிழ்ந்து, பெரிய குற்றம் செய்துவிட்டவர்களைப் போல நிற்பார்கள். கடைசியில் அம்மாதான் குசினியில் தண்ணீர்ப்பானைக்குக் கீழே இருந்த ஈரமணலில் ஒரு மண்சட்டியைப் புதைத்து, “உன்ர ஆக்களை இதுக்குள்ள படுக்க வை” என்று இடம் ஒதுக்கித் தந்தார்.

கொஞ்ச நாளில் வகுப்பில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ‘என்னைச் செய்து தா’ என்று ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். கூலியாக வெரளிக்காய், புளியம்பழம், ஒருமுறை அரைவாசி எழுதித் தீர்ந்த பென்சில். யாரைச் செய்தாலும் பார்த்த உடனே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு வழி பிடிபட்டிருந்தது. முகத்தை அச்சாகச் செய்ய ஏலாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வோர் ஆளிடமும் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று என்ன என்று தேடுவேன். ஒருத்திக்கு வெளியே தள்ளிய காது, இன்னொருத்திக்கு ஒரு பக்கம் சரிந்த தோள். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மூக்கும் வாயும் எப்படி இருந்தாலும் ஆள் வந்துவிடும். இந்த வித்தையில் எனக்குக் கர்வமும் இருந்தது. என்னை அழகாகச் செய் என்று யாராவது கேட்டால், ‘இருக்கிறதைத்தான் செய்வன்’ என்று நீதிபதியைப் போலச் சொல்வேன்.

வெள்ளைக்காரர் போன பிறகு டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களில் அநேகம் பேரை நிறுத்திவிட்டார்கள். கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டார்கள். அப்பாவை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. வழக்கம்போல வெள்ளைச் சேட்டும் களிசானும் போட்டு, சப்பாத்துக் கட்டி, சோற்றுப்பொதியைப் பையில் வைத்துச் சைக்கிளில் போனார். ஒரே மாற்றம், முன்னையைவிட ஒரு மணித்தியாலம் முந்திப் போய், ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். புது ஆட்கள் நேரத்தில் கடுமை என்றார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் கைப்பணிக் கண்காட்சி வைத்தார்கள். துறைமுகத்தைச் செய்துகொண்டு வா என்று ரீச்சர் என்னிடம் சொன்னார். பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தது. அம்மா கஞ்சிப்பசையில் சலவை நீலம் கலந்து கடல் பூசித் தந்தார். டின்பால் பேணிகள் எண்ணெய்த் தாங்கிகளாயின. மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஒன்பது பேரை ஏற்றினேன். அதில் ஒருவருக்குக் குடை, ஒருவருக்குக் கோழி. வீதியில் மான்கள் நின்றன. ஒரு மானின் வாயில் பேப்பர் துண்டு, ஏனென்றால் எங்கள் ஊர் மான்கள் புல்லைவிடச் சுவரில் ஒட்டிய நோட்டீசைத்தான் விரும்பித் தின்னும்.

களஞ்சிய வாசலில் அப்பாவை நிறுத்த வேண்டும். அதற்காகவே எல்லா நிறத்திலும் நல்ல துண்டுகளை ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் முன்னறைக் கதிரையில் பிடித்து இருத்தினேன். வாசல் எந்தப் பக்கம், மேசை எங்கே, விளக்குகளை எங்கே தொங்கவிடுவீர்கள் என்று கேட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கயிறுகளைப் பருமன் பார்த்துச் சுருட்டி அடுக்குகிற முறை, பித்தளை விளக்குகள் வெய்யில் பட்டால் சுவரில் போடுகிற வட்டங்கள், எண்ணெய் மணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ்வளவு ஆசையாக அவர் தன் வேலையைப் பற்றிக் கதைத்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் அவரைச் செய்துகொண்டிருந்தேன். கழுத்துப் பின்புறம் நன்றாகக் கறுத்திருந்தது. கபில நிறத்தோடு கொஞ்சம் கறுப்பைப் பிசைந்து வைத்தேன். பிறகு அப்பாவிடம் மட்டும் இருக்கிற அந்த ஒன்று என்ன என்று தேடினேன். காலில் கண்டுபிடித்தேன். இரண்டு குதிகாலும் வெடித்து, வெடிப்புகளுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. கணுக்கால் வரைக்கும் தோல் சாம்பல் பூத்திருந்தது. என்ன அது என்று கேட்டேன். அப்பா காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

“கந்தோரில சுண்ணாம்பு அடிக்கிறாங்கள், பிள்ளை.”

அலுவலகத்துச் சுவர்ச் சுண்ணாம்பு என்றதும் எனக்கு அது போதுமாக இருந்தது. பெட்டியில் மிஞ்சியிருந்த வெள்ளையை நூலாக உருட்டி, உருவத்தின் குதிகாலில் வெடிப்பு வெடிப்பாகப் பதித்தேன். நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். முகம் சுமார்தான். ஆனால் அது அப்பாவேதான்.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு” என்றார். சற்றுப் பொறுத்து, “காலுக்குச் சப்பாத்து ஒண்டு போட்டுவிடன்” என்றார்.

“உங்கட கால் இப்பிடித்தானே இருக்கு.”

“கந்தோரில நான் சப்பாத்தோடதானே நிக்கிறனான்.”

ஏலாது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறதைத்தான் செய்வேன் என்று அவருக்கும் என் தீர்ப்பை வாசித்தேன். அப்பாவின் பெருவிரல் உருவத்தின் கால்மேல் போய் நின்றது. நசுக்கப் போகிறார் என்று நினைத்து நான் சத்தம் போட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தார். என்ன வழக்கு என்று கேட்டார். நான் அப்பாவின் கையிலிருந்து உருவத்தைப் பறித்து அம்மாவிடம் நீட்டி, குதிகாலைக் காட்டி, இது அப்பாவின் கால்தானே, சொல்லுங்கள் என்றேன். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் அவர் என் வேலை எதையும் பார்த்ததில்லை என்பதால் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா சொல்லுறதுதான் சரி” என்றார் அம்மா. “கந்தோர் எண்டால் சப்பாத்துத்தான். கறுப்பை எடு.”

நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். அம்மா மெழுகுக்களியைத் தொட்டது அன்றைக்குத்தான். இடியப்ப மாப் பிசைகிற விரல்களால் ஒரு சிட்டிகை கறுப்பைக் கிள்ளி உருட்டி, தட்டையாக்கி, என் வெள்ளை வெடிப்புகளின் மேல் மெதுவாகச் சுற்றினார். ஈர்க்குத் துண்டால் நாடா கட்டுகிற துளைகளைக்கூடக் குத்தினார். பக்கத்துக்கு மூன்று. நான் செய்திருந்தால் அவ்வளவு நேர்த்தியாக வந்திராது. அந்தக் கோபத்தில் அன்று இரவு நான் இரண்டு பேருடனும் கதைக்கவில்லை.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை நடந்தது. என் துறைமுகத்தைச் சுற்றி நல்ல கூட்டம். அம்மா கூறைக்கு அடுத்தபடியான சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா சேட்டின் கைப்பொத்தானைக்கூடப் பூட்டியிருந்தார். ரீச்சர் அவர்களைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, களஞ்சிய வாசலில் நிற்பவர் இவர்தான் என்று வந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். கிண்ணியாக்காரர். முன்பு அப்பாவோடு அதே களஞ்சியத்தில் வேலை செய்தவர், வீட்டுக்கும் இரண்டொரு தரம் வந்திருக்கிறார். இப்போது கருவாட்டு வியாபாரம் என்று பேச்சு. வாசலில் நின்ற மெழுகுக்களி அப்பாவைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“அல்லாவே, அச்சா அவர்தான்!” என்று கையைத் தட்டினார். பிறகு என் தலையைத் தடவி, “ஆனால் மகள், அப்பாவை ஏன் இன்னும் இந்த வாசலில நிப்பாட்டி வச்சிருக்கிறீங்க? என்னையும் அவரையும் ஒரே நாளில தானே வெளியில விட்டவங்க. போன கிழமையும் நான் உப்பு எடுக்கப் போகக்குள்ள நிலாவெளி உப்பளத்தில கண்டனான். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணியில…” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதையைத்தான் சொல்வதாக நினைத்தார். ரீச்சர் அப்பாவைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா மேசை விளிம்பைப் பிடித்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை, குறிப்பாக அம்மாவைப் பார்க்கவில்லை.

“ஓம் அண்ணே, அது தெரியும்தானே” என்றார் அம்மா. வீட்டில் கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். “பிள்ளை செய்திருக்கிறது வெள்ளைக்காரன் இருந்த காலத்துத் துறைமுகம். அப்ப இவர் இந்த வாசலிலதானே நிண்டவர்.” பிறகு ரீச்சரின் பக்கம் திரும்பி, “இப்ப நிலாவெளியில வேலை, ரீச்சர். சைக்கிளில போய் வாறது கொஞ்சம் தூரம்தான்” என்றார். அதே மூச்சில் கிண்ணியாக்காரரிடம் உங்கட பிள்ளையள் சுகமோ, மூத்தவ இப்ப எத்தினையாம் வகுப்பு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் கொதித்துப்போனேன். உப்பளம் என்றார்கள், வேலை என்றார்கள், அதெல்லாம் என் காதில் விழுந்து மறுபக்கத்தால் போய்விட்டது. அம்மா என் துறைமுகத்தைப் பழைய துறைமுகம் என்று சொல்லிவிட்டாரே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பயந்தபடியே நடந்தது. முதல் பரிசு தீக்குச்சிகளால் கோயில் கட்டியவளுக்குப் போனது. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பென்சில் பெட்டி.

கடற்கரை வீதியால் வீட்டுக்கு நடந்தோம். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்கரியரில் துறைமுகத்தைக் கட்டியிருந்தது. நான் மறுபக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். 

“அந்தச் சாரத்தை நாளைக்கு வீட்ட கொண்டு வாங்கோ” என்றார் அம்மா. “உப்புத் தண்ணியில அலம்பிக் கட்டினால் உடம்பு கடிக்கும். நான் நல்ல தண்ணியில தோய்ச்சுத் தாறன்.”

அப்பா சிறிது தூரம் நடந்தார். “எப்பயிருந்து தெரியும்?” என்று கேட்டார்.

“சேட்டுக் கொலரில ஊத்தை இல்லாமல் வரத் தொடங்கின நாளிலயிருந்து.”

அப்பா சைக்கிளை நிறுத்தினார். செயின் கழன்றதைப் பார்ப்பவரைப் போலக் குனிந்தார். செயின் கழன்றிருக்கவில்லை. நான் சுற்றி வந்து பார்த்தபோது அவர் தோளை உயர்த்திச் சேட்டுத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா சைக்கிளின் மற்றக் கைப்பிடியை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா அழுது நான் கண்டதேயில்லை. சாரத்தைத் தோய்த்துத் தருகிறேன் என்றதற்கு ஒருவர் அழுவாரா? வேறு காரணம்தான் இருக்க வேண்டும். என் கையில் இருந்த பென்சில் பெட்டியைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரை அவ்வளவு நன்றாகச் செய்தும் எனக்கு இரண்டாம் பரிசுதானே தந்தார்கள்.

அவருக்கு முன்னால் போய் நின்று, அடுத்த வருடம் கட்டாயம் முதல் பரிசு வாங்குவேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அப்பா என் தலையில் கையை வைத்து, “ஓம், பிள்ளை” என்றார். அதன்பிறகு அந்த விசயத்தில் அவருக்கு எந்தக் கவலையும் இருக்காது என்று நான் நிச்சயமாக நம்பினேன்.