மடைக்கு வந்த பழைய புத்தகம்

போன வருஷம் புரட்டாசியில் நடந்தது இது. பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்குக் கீழே, கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வயல். என் கணவர் இறந்த பிறகு அது என் பெயருக்கு மாறியது. பெயர் மாறியதே தவிர, தண்ணீர் வந்து சேரவில்லை.

எங்கள் ஊரில் தை பிறந்து கண்மாய்த் தண்ணீர் குறைந்ததும் முறை வைப்பார்கள். இன்ன நாள் இன்னார் வயலுக்கு என்று. அவரவர் முறை வரும்போது மடையில் போய் நின்று தண்ணீரைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெண்கள் மடையில் நிற்கும் வழக்கம் கிடையாதாம். அதனால் என் வயலையும் சேர்த்துத் தாங்களே பார்த்துக்கொள்வதாக மேல்வயல்காரர்கள் சொன்னார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம், அடுத்த இரண்டு வருஷமும் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் என் வயல் பாளம் பாளமாக வெடித்தது. அவர்கள் வயலில் கணுக்கால் தண்ணீர் நின்றது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் வயலை விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் காத்திருந்ததும் அதற்குத்தான்.

நான் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பேரன் எடுக்கிற வயசில் என்ன படிப்பு என்று கேட்காத ஆள் இல்லை. பாடத்துக்காகச் செல்போனில் எதையோ தேடியபோது, ஒரு பல்கலைக்கழக நூலகம் தன்னிடமுள்ள அரிய புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருப்பது தெரிந்தது. அந்தப் பட்டியலில், எங்கள் பக்கத்துக் கண்மாய் வழக்கங்களைப் பற்றி அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் எழுதி அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது.

தேடுகிற கட்டத்தில் மடை, முறை, பெண் என்று மாற்றி மாற்றி அடித்தேன். எதற்கும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. இங்கேயும் நமக்கு இடமில்லையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்களைப் பற்றிய விஷயத்தை எங்களுக்கே மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன், அதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது.

மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் ஒரு நூலகர் அம்மா. என் வசவில் ஒன்றைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. தேடும் கட்டத்துக்குப் புத்தகத்தின் தலைப்பு மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் படம், நாம்தான் பக்கம் பக்கமாகப் புரட்டி வாசிக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கியிருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டுப் புரட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்து அச்சு. பூச்சி அரித்த ஓட்டைகள் எழுத்துகளையும் சேர்த்துத் தின்றிருந்தன. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஆறு நாள் வாசித்தேன். ஏழாம் நாள் கிடைத்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே முறை உண்டு, வீட்டில் ஆண் இல்லாவிட்டால் பெண்ணே மடையில் நின்று தண்ணீர் வாங்குவது வழக்கம் என்று இருந்தது. படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன். பக்கத்தைத் தள்ளினால் அடுத்த பக்கம் காலை வாரியது. மழைக்கு முன் வாய்க்கால் தூர்வார எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லையோ, அந்த வீட்டுக்கு அந்த வருஷம் முறை கிடையாதாம். என் வீட்டிலிருந்து யாரும் போகவே இல்லையே!

பாளையம்பட்டி ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கத்தையும் தாளில் எடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில், இரண்டாம் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை இல்லை. ஆனால் என் போனில் திறக்கிற புத்தகம் அவர்கள் போனிலும் திறக்குமே. அந்தப் பயம்தான் என்னை யோக்கியமாக வைத்திருந்தது.

தைக்கான முறையை எங்கள் ஊரில் மழைக்கு முன்பே பேசிவைத்துவிடுவார்கள்; அந்தக் கூட்டம் கண்மாய்க் கரையில் கூடியது. முறை பிரிக்கிற பெரியவர் எனக்கு மாமா முறை. நான் எழுந்து இரண்டு தாளையும் வாசித்தேன். இரண்டாவதை முடித்ததும் சிரிப்பு கிளம்பியது.

“ஒனக்கு முறை இல்லைன்னு ஒம் புத்தகமே சொல்லுதே தாயி” என்றார் மாமா.

“வேலை செஞ்சா உண்டுன்னும் சொல்லுது மாமா. இன்னும் மழை விழுகல. நாளைக்கு மம்பட்டியோட வாரேன், எம் பங்கை அளந்து விடுங்க. ஆனா இது எனக்கு மட்டும் எழுதுன புத்தகம் இல்ல. வராத வீடு எதுவா இருந்தாலும் அதுக்கும் முறை கிடையாது.”

சிரிப்பு நின்றுபோனது. மண் வாரப் பொக்லைன் எந்திரம் வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் யாரும் அந்த வாய்க்காலில் இறங்கியதே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். சரி, அளப்போம் என்றார்.

வேண்டுமென்றேதான் எனக்கு வேலிக்கருவை முள் அடர்ந்த வாய்க்கால் துண்டை அளந்து விட்டார்கள். நான்கு நாள் வெட்டினேன். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது, முழங்கையெல்லாம் முள் கிழித்தது. முதல் நாள் நான் மட்டும்தான். இரண்டாம் நாள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் தன் பங்கு வாய்க்காலில் இறங்கினார். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. தன் முறை பறிபோகும் என்றால் யாருக்குத்தான் முதுகு வளையாது?

தையில் என் முறை வந்தது. காலையில் மடையில் நான் போய் நின்றேன். திறந்துவிட்ட தண்ணீர் தூர்வாரிய வாய்க்காலில் கடைமடை வரைக்கும் ஓடியது. கூடவே கரை வழியாக நானும் ஓடினேன், நாற்பத்தெட்டு வயசில்.

இப்போதும் என்னை மடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தாராளமாகத் திருப்பிக்கொள்ளட்டும். என் வயலில் தண்ணீர் பாய்வது யாருடைய தயவும் இல்லை, என் உரிமை என்று இன்றைக்கு என்னால் யார் முன்னாலும் சத்தமாகச் சொல்ல முடிகிறது.