கண்ணுக்குக் குறி

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேலகரம் லாட்ஜில் சாரலுக்கு வந்திருந்த தடித்த மனிதர். பகடையை உருட்டும் முன் ஒவ்வொரு தடவையும் துண்டால் துடைப்பார். அவருடைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு கற்பனை வீரனை வைத்துக்கொண்டு மேசையில் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள்; எதிரிகளை ஆட்டுவிப்பதெல்லாம் அவர். எனக்குத் தெரிந்தது தாயம்தான், அதுவும் கள்ளாட்டம்.

தென்காசியில் எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. மறுநாள் கட்டவிழ்க்க வேண்டும். கட்டு நனையக் கூடாதென்று, கூட வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அருவிக்குப் போய்விட்டார்கள்.

"சும்மா இருக்கதுக்கு வாங்க அண்ணாச்சி" என்று அவர்தான் எனக்கு ஒரு வில்லாளியைக் கொடுத்தார். வெட்டுப்பட்ட உறுப்பு ஆட்டம் முடியும்வரை உதவாது என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம்.

அவர் ஆட்டிய அரக்கனின் முறை வந்தது.

"வில்லாளிக்குக் கண்ணுலதான்லே குறி வைப்பான்" என்றான் சிநேகிதன் ஒருவன்.

விளையாட்டென்று தெரிந்தும் என் கை தானாகக் கண்கட்டுக்குப் போனது.

அவர் பகடையை உருட்டாமல் கீழே வைத்தார்.

"உறுப்புக்குக் குறி வைக்கணும்னா அந்த ஆளு சம்மதிக்கணும். இங்கன அதான் சட்டம்."

"என்னைக்குலே வந்துச்சு இந்தச் சட்டம்? போன ஆட்டத்துல என் காலை வெட்டுனியே."

"நீ சம்மதிச்சேலே."

"எங்கலே சம்மதிச்சேன்? கத்திக்கிட்டுல்லா கிடந்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, சம்மதமா?"

"இல்லய்யா."

எந்த உறுப்பென்றும் குறிக்காமல் பொதுவாக ஒரு வெட்டு விழுந்தது. என் வில்லாளி பிழைத்துக்கொண்டான். எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் டாக்டர் நீட்டிய விரல்களைச் சரியாக எண்ணிச் சொன்னேன். அந்தச் சட்டம் முன்பே இருந்ததா, என் முகத்தைப் பார்த்ததும் பிறந்ததா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.